தாய்-சேய் நலத் திட்டங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடுகளின் தாய்-சேய் நலத் திட்டங்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்தும் பேசியும் வருகிறேன். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். முதலில் வருபவை அடிப்படையானவை, போகப் போகக் கொஞ்சம் வில்லங்கமானவை.

தாய் இறப்பு விகிதம்னு சொல்றாங்களே, அது சரியா எதைக் கணக்கு பண்ணுது?

கர்ப்பமாக இருக்கும்போதோ கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ ஒரு பெண் இறக்கிறார். காரணம் கர்ப்பம், அல்லது கர்ப்பத்தால் முற்றிப்போன வேறு நோய். அது தாய் இறப்பு. சாலை விபத்தில் இறந்தால் சேராது. "பிரசவம் முடிந்து" என்று சொல்லாமல் "கர்ப்பம் முடிந்து" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கருக்கலைப்பாலும் கருச்சிதைவாலும் நேரும் இறப்புகளும் இதில் அடங்கும்.

உயிருடன் பிறக்கும் 1,00,000 குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார்கள் இறந்தார்கள் என்பதே விகிதம். குழந்தை இறப்பை மட்டும் 1,000 பிறப்புக்கு இத்தனை என்று சொல்வார்கள். 28 நாளுக்குள், ஒரு வயதுக்குள், ஐந்து வயதுக்குள் என்று மூன்று கணக்கு உண்டு. இரண்டு அளவுகோலையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போ நிலைமை தேவலைதானே? இன்னும் என்ன கவலை?

தேவலைதான். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2000இல் உலக விகிதம் 328, 2023இல் 197. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990இல் ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம். 2023இல் 48 லட்சம். உலகம் இதைவிடப் பெரிதாகப் பெருமைப்பட வேண்டிய விஷயங்கள் அதிகம் இல்லை.

கவலை வேகத்தில் இருக்கிறது. 2030க்குள் தாய் இறப்பு விகிதம் 70க்குக் கீழே வர வேண்டும் என்பது நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு. 2016க்குப் பிறகு இறக்கம் தளர்ந்துவிட்டது. 2023இல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள், அதாவது நாளொன்றுக்கு 700க்கு மேல். இவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். நைஜீரியாவில் மட்டும் கால்வாசிக்கு மேல்.

பிரசவம்னாலே பொம்பளைக்கு மறுபிறவின்னு சொல்வாங்க. அதைத் தடுக்க முடியுமா என்ன?

பெருமளவு முடியும். உயிரைப் பறிக்கும் காரணங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்: பிரசவத்துக்குப் பின் நிற்காத உதிரப்போக்கு, இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, கிருமித் தொற்று, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, குழந்தை வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்வது. இவற்றோடு இரத்தசோகை, மலேரியா, எச்.ஐ.வி., இதயநோய் போன்றவை பின்னணியில் நின்று வேலை செய்யும்.

இவற்றுக்கான மருந்துகள் பழையவை, விலை குறைந்தவை. உதிரப்போக்குக்கு ஆக்ஸிடோசின். தொற்றுக்கு ஆன்டிபயாடிக். வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, அது வலிப்பு வரும் அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. மறுபிறவி என்ற சொல் அனுபவத்திலிருந்து வந்தது, பொய்யில்லை. ஆனால் அது இந்த மருந்துகள் இல்லாத காலத்தின் சொல்.

மருந்து இவ்வளவு சுலபம்னா அப்புறம் ஏன் சாகிறாங்க?

நேரம்தான். கடும் உதிரப்போக்கு ஆரோக்கியமான பெண்ணையே சில மணி நேரத்தில் கொன்றுவிடும். அந்த நேரம் எங்கே போகிறது என்பதை 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம் ஒன்று. வண்டி கிடைத்து, சாலை கடந்து போய்ச் சேரும் தாமதம் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பிறகு உரிய சிகிச்சை தொடங்க ஆகும் தாமதம் மூன்றாவது.

முதல் இரண்டையும் எல்லோரும் பேசுவார்கள், ஏனென்றால் பழியைக் குடும்பத்தின் மீதோ சாலையின் மீதோ போட்டுவிடலாம். மூன்றாவது ஆஸ்பத்திரிச் சுவருக்குள் நடப்பது. டாக்டர் இல்லை, இரத்தம் இல்லை, கரண்ட் இல்லை, மருந்து அலமாரிச் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார். எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, அது இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்பதைத்தான். கீழே வரும் பதில்களிலும் இதற்குத் திரும்பித் திரும்பி வருவேன்.

ஆபத்து இருக்கிற கர்ப்பிணிகளை முன்கூட்டியே கண்டுபிடிச்சு அவங்களை மட்டும் கவனிச்சா போதாதா?

பல நாடுகள் அப்படித்தான் நினைத்தன. குள்ளமானவர், முதல் பிரசவம், ஐந்தாவது பிரசவம் என்று பட்டியல் போட்டு வடிகட்டின. வடிகட்டியில் நிற்காமல் போனவர்களிடம்தான் சிக்கல்களில் பெரும்பங்கு வந்தது. ஆபத்துப் பட்டியலில் உள்ளவர்கள் குறைவு, இல்லாதவர்கள் மிக அதிகம். எண்ணிக்கையிலேயே பதில் இருக்கிறது. உதிரப்போக்கு யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதும் அரிது.

இதனால் கர்ப்பகாலப் பரிசோதனை வீண் என்று அர்த்தமில்லை. இரத்த அழுத்தம் ஏறுவதையும் சோகையையும் அங்கேதான் பிடிக்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் 4 பரிசோதனை என்றிருந்ததை 8 ஆக்கியது. ஆனால் எட்டு முறை போய் வந்தவருக்கும் பிரசவ நாளில் பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஏழை நாடு எதாவது உண்மையிலேயே இதைச் சாதிச்சுக் காட்டியிருக்கா?

இலங்கை. 1930களில் அங்கே தாய் இறப்பு விகிதம் 2,000க்கும் மேல். இன்றைய மிக மோசமான நாட்டைவிட மோசம். இப்போது 30க்கும் கீழே. நாடு பணக்காரன் ஆகி, பிறகு தாய்மார்களைக் காப்பாற்றவில்லை. ஏழையாக இருந்தபோதே இறக்கம் தொடங்கிவிட்டது.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். ஒரு வரையறுத்த பகுதி, அதில் உள்ள எல்லா மக்களுக்கும் அது பொறுப்பு. இந்த முறை நாடெங்கும் பரவியது. அதன் முதுகெலும்பு பொதுச் சுகாதார மருத்துவ மாது, அதாவது பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற அரசு ஊழியர். ஒருவருக்குச் சில ஆயிரம் பேர் கொண்ட பகுதி. யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்கு எப்போது பிரசவம், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் அவரே பார்த்தார். சிக்கலானால் அனுப்ப, கட்டணமில்லாத அரசு ஆஸ்பத்திரி பின்னால் இருந்தது. பின்னர் பிரசவங்கள் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்கு நகர்ந்தன. மலேரியாக் கட்டுப்பாடும் பெண்கல்வியும் கூடவே வந்தன.

எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது வரிசை. முதலில் ஆள், அவர் பின்னால் ஆஸ்பத்திரி, அதற்குப் பின் ஒவ்வொரு இறப்பையும் விசாரித்துத் தரத்தை இறுக்குவது. மலேசியாவும் ஏறக்குறைய இதே வழியில் போனது. கட்டடத்தில் தொடங்கிய நாடுகள் பல, ஆளைத் தேடிக்கொண்டே இருக்கின்றன.

ஊர்ல ஏற்கெனவே அனுபவசாலி மருத்துவச்சி இருக்காங்களே, அவங்களுக்கே பயிற்சி கொடுத்தா என்ன?

1970களிலும் 80களிலும் உலகம் முழுக்க அதைத்தான் செய்தார்கள். கை கழுவுவது, சுத்தமான பிளேடு போன்றவற்றால் தொற்றும், பச்சிளங்குழந்தைகளின் தனுர்வாதமும் (டெட்டனஸ்) குறைய உதவியது. ஆனால் தாய் இறப்பு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. காரணம் மருத்துவச்சியின் திறமைக்குறைவு இல்லை. கையில் ஊசி மருந்து இல்லாமல், பின்னால் ஆஸ்பத்திரி இல்லாமல் உதிரப்போக்கை யாராலும் நிறுத்த முடியாது. 1990களில் கொள்கை, பயிற்சி பெற்ற செவிலியர், மருத்துவ மாது பக்கம் திரும்பியது.

சில நாடுகள் அவசரப்பட்டு ஊர் மருத்துவச்சிக்குத் தடையே போட்டன. அது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை. பெண்கள் நம்புகிற ஆளை விரோதியாக்குவதைவிட, அவரையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும் துணையாக்குவது முதல் தாமதத்தைக் குறைக்கும்.

ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தும் பெண்கள் வர மாட்டேங்கிறாங்களே, அறியாமைதானே?

எப்போதும் இல்லை. பெரு நாட்டின் மலைப் பகுதிகளில் பழங்குடிப் பெண்கள் உட்கார்ந்தோ மண்டியிட்டோ, போர்வையின் கதகதப்பில், குடும்பத்தினர் கூட இருக்கப் பிரசவிப்பது வழக்கம். ஆஸ்பத்திரியில் குளிர்ந்த மேசையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். பேசும் மொழியும் வேறு. வராமல் இருந்ததில் அறியாமை எங்கே வந்தது? 2005இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் நிமிர்ந்த நிலையில் பிரசவம் பார்க்க முறைப்படி விதிமுறையே வெளியிட்டது. தூரத்து ஊர்க்காரர்கள் நாள் நெருங்கும்போது முன்கூட்டியே வந்து தங்க, ஆஸ்பத்திரி அருகே காத்திருப்பு இல்லங்களும் அமைத்தார்கள்.

திட்டுவது, அடிப்பது, தனியாக விட்டுவிடுவது என்று பிரசவ அறையில் நடக்கும் அவமதிப்பும் ஒரு காரணம். ஒருமுறை பட்டவர் மறுமுறை வரமாட்டார், அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைப்பார்.

காசு கொடுத்தா வருவாங்களா?

வருவார்கள். நேபாளம் 2005இல் பயணச் செலவுக்கென்று பணம் கொடுக்கத் தொடங்கியது. நிலத்தைப் பார்த்துத் தொகை வைத்தார்கள்: உயர்மலைப் பகுதிக்கு 1,500 நேபாள ரூபாய், குன்றுப் பகுதிக்கு 1,000, சமவெளிக்கு 500. இரண்டாவது தாமதத்தைக் கணக்கில் எடுத்த திட்டம் என்பது அந்தத் தொகையிலேயே தெரிகிறது. 2009இல் பிரசவத்தையும் இலவசமாக்கினார்கள். இந்தியா அதே 2005இல் ஜனனி சுரக்ஷா யோஜனாவைக் கொண்டுவந்தது. பின்தங்கிய மாநிலங்களில் ஆஸ்பத்திரியில் பிரசவிக்கும் கிராமத்துத் தாய்க்கு 1,400 ரூபாய். ஆஸ்பத்திரிப் பிரசவங்கள் மளமளவென ஏறின.

ஆனால் ஆஸ்பத்திரிப் பிரசவம் ஏறிய வேகத்தில் இறப்பு இறங்கியதாக ஆய்வுகள் காட்டவில்லை. மூன்றாவது தாமதம் அப்படியே இருந்த இடங்களில் பெண்கள் வீட்டில் இறப்பதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். இரண்டு செவிலியர் பார்க்க வேண்டிய பிரசவ அறையில் கூட்டம் பலமடங்கானால் இருக்கும் கவனிப்பும் தேயும்.

அந்த மூணாவது தாமதத்துக்கு என்னதான் வழி? எல்லா ஊர்லயும் பெரிய ஆஸ்பத்திரி கட்ட முடியுமா?

சில சமயம் வழி ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் இருக்கிறது. போகும் இரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எப்போதும் குறைத்துத்தான் தோன்றும். அளவுக்கோடு போட்ட விரிப்பில் இரத்தத்தைச் சேகரித்து, கோட்டைத் தொட்டதுமே கர்ப்பப்பையைப் பிசைந்துவிடுவது, மருந்து, டிரிப் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுத்துப் பார்த்தார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த இந்த ஆய்வு 2023இல் வெளியானது. கடும் உதிரப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை.

மருந்தின் தரம் இன்னொன்று. ஆக்ஸிடோசினைக் குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் மருந்து இருக்கும், வீரியம் இருக்காது. அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெட்டோசினை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

டாக்டரே இல்லாத இடத்துல சிசேரியன் யார் பண்றது?

மொசாம்பிக் விடுதலை பெற்றபோது டாக்டர்கள் பெரும்பாலும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். 1984இல் அந்நாடு, டாக்டர் பட்டம் இல்லாத சுகாதார ஊழியர்களைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளின் பெரிய பிரசவ அறுவை சிகிச்சைகளில் பத்தில் ஒன்பது இவர்கள் கையில் நடந்தவை என்று பின்னர் ஓர் ஆய்வு காட்டியது. டாக்டர்கள் செய்ததோடு ஒப்பிட்டால் முடிவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொரு விஷயம்: ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தால் இவர்களில் பெரும்பாலோர் அதே மாவட்ட ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட டாக்டர்கள் ஒருவர்கூட இல்லை.

இது சிசேரியன் கிடைக்காதவர்களின் கதை. தேவையில்லாமல் வெட்டுவது வேறு கதை. பல நாடுகளில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

குழந்தைகள் விஷயத்துல எது பெரிய வேலை செஞ்சது? தடுப்பூசிதானே?

தடுப்பூசிக்கு முதல் இடம், மறுப்பில்லை. 1974இல் தொடங்கிய உலகத் தடுப்பூசித் திட்டம் ஐம்பது ஆண்டில் 15 கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் காத்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதிலும் தட்டம்மை ஊசிக்கே பெரும்பங்கு.

எனக்குப் பிடித்த கதை உப்பும் வெல்லமும். வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றிச் சாகும் குழந்தைக்கு, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாலே போதும் என்பதை 1960களின் இறுதியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆய்ந்து நிறுவினார்கள். 1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்திருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து, உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை நெருங்கிய இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

அதன்பின் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகள், ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு ஆள் அனுப்பியது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வீட்டுக்காரியையே கலந்து காட்டச் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம், எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சோதிக்கும்போது தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதை வைத்து. அரசுத் திட்டங்களுக்கு இந்த ஒரு விதியை மட்டும் கடன் கொடுக்கலாம்.

அப்படியிருந்தும் பிறந்த குழந்தைங்க சாவு ஏன் அந்த அளவுக்குக் குறையலை?

தடுப்பூசியும் உப்புக்கரைசலும் ஒரு மாதத்தைக் கடந்த குழந்தைகளுக்குப் பெரிதாக உதவின. முதல் 28 நாளில் கொல்பவை வேறு: குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் மூச்சு வராமை, தொற்று. இன்று ஐந்து வயதுக்குள் நேரும் இறப்பில் கிட்டத்தட்டப் பாதி இந்த 28 நாளில்தான். தாயைக் காப்பாற்றும் அதே அறை, அதே செவிலியர், அதே சில மணி நேரம்தான் குழந்தைக்கும்.

குறைமாதக் குழந்தைக்கு இன்குபேட்டர்தான் கதி என்று நினைக்க வேண்டாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டி வைத்தார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. பிறந்த உடனேயே அதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது.

ஊர்ப் பெண்களைத் தன்னார்வலர்னு பேர் வச்சு வேலை வாங்குறது சுரண்டல் இல்லையா?

பல இடங்களில் சுரண்டல்தான். 1988இல் தொடங்கிய நேபாளத்தின் பெண் தன்னார்வலர்கள் இல்லாமல் அந்நாட்டின் வைட்டமின் ஏ திட்டம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. இந்தியாவின் ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வேலைக்குத் தக்க ஊக்கத்தொகையில் ஓடுகிறார்கள். எத்தியோப்பியா 2003இல் வேறு முடிவெடுத்தது: ஒவ்வொரு சிற்றூர் வட்டத்துக்கும் இரண்டு இளம்பெண்கள், ஓர் ஆண்டுப் பயிற்சி, அரசுச் சம்பளம். 30,000க்கு மேற்பட்டோரை அப்படி நியமித்தது. இலங்கையின் மருத்துவ மாதும் சம்பளக்காரர்தான். பணக்கார நாடுகள் இல்லையே இவை.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? குழந்தை குறைஞ்சா விகிதம் தானா குறையுமா?

தானாகக் குறையாது, நல்ல கேள்வி. முதல் பதிலைப் பாருங்கள்: விகிதத்தின் அடியில் இருப்பது பிறப்பு எண்ணிக்கை. பிறப்பும் இறப்பும் ஒரே அளவில் குறைந்தால் விகிதம் நகராது, இறக்கும் பெண்களின் எண்ணிக்கை மட்டும் குறையும். ஆனால் தவிர்க்கப்படுபவை பெரும்பாலும் மிக இளவயது, அடுத்தடுத்த, வேண்டாத கர்ப்பங்கள் என்பதால் விகிதமும் ஓரளவு இறங்கும். நேபாளம் 2002இல் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியதும் கடும் சிக்கல்களோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் குறைந்தார்கள்.

இதில் ஒரு இருண்ட பக்கமும் உண்டு. இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்திலும், பெருவில் 1990களிலும் கட்டாயக் கருத்தடை நடந்தது. இலக்கு எண்ணிக்கை அதிகாரி கையில் போனால் பெண்ணின் விருப்பம் காணாமல் போகும்.

அரசு ஒரு எண் சொல்லுது, ஐ.நா. ஒரு எண் சொல்லுது. யாரை நம்புறது?

பிறப்பையும் இறப்பையும் காரணத்தோடு முழுமையாகப் பதியும் நாடுகள் குறைவு. மற்ற இடங்களில் வீடு வீடாகப் போய், "உங்களுடன் பிறந்த அக்கா தங்கை யாராவது பிரசவத்தில் இறந்தார்களா" என்று கேட்டுக் கணக்கிடுகிறார்கள். ஐ.நா. இவற்றைக் கணித மாதிரியில் போட்டு, மேல் எல்லை கீழ் எல்லையோடு மதிப்பீடு தருகிறது. ஆகவே ஒற்றை எண்ணைவிட எல்லைகளையும் பத்தாண்டுப் போக்கையும் பாருங்கள்.

ஒரு நாடு ஒழுங்காக எண்ணத் தொடங்கினால் விகிதம் திடீரென்று ஏறியதுபோலத் தெரியும் என்பது இதிலுள்ள வேடிக்கை. அந்த ஏற்றத்துக்காக அதிகாரியைத் தண்டித்தால் அடுத்த ஆண்டு இறப்புகள் ஒளிந்துகொள்ளும். மலேசியா 1991இல் கொண்டுவந்த இரகசிய விசாரணை முறை பெயர் சொல்லாமல், பழி போடாமல் ஒவ்வொரு இறப்பிலும் எந்தத் தாமதம் என்று தேடுகிறது.

42 நாள் தாண்டி இறந்தா அது கணக்கிலேயே வராதா?

முக்கிய விகிதத்தில் வராது. 42 நாளுக்குப் பிறகு ஓராண்டுக்குள் நேர்வதைத் தாமதமான தாய் இறப்பு என்று தனியாகக் குறிக்கச் சொல்கிறார்கள். இதயம் பலவீனமாகி இறப்பவர்கள் இதில் உண்டு. கர்ப்ப காலத்திலும் அந்த 42 நாளுக்குள்ளும் நேரும் தற்கொலையை நேரடித் தாய் இறப்பாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் வகைப்படுத்தியது. அதற்கு முன் அதைப் பிரசவத்தோடு சேர்த்து எண்ணாமல் விடுவதே வழக்கம். பிரசவத்துக்குப் பின்னான பரிசோதனைகளில் கடைசியானது ஆறாவது வாரத்தில் வருகிறது. அதற்குப் பிறகு குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போதுதான் தாயையும் யாராவது பார்க்கிறார்கள், அதுவும் கேட்டால்தான்.